லெட்டர் இல்லாத ரைட் அவுட்

குன்னூர் மைதானத்தில் அன்று காலை இருபத்திரண்டு பேர் கையில் லெட்டர் இருந்தது. என் கையில் ஒரு குடை இருந்தது.

குடையும் என்னுடையதில்லை, அக்காவுடையது. ஒரு கம்பி துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் தாங்களாகவே ஓர் அடி தள்ளி நிற்பார்கள்.

மைதானத்தின் ஓரத்தில் மடக்கு மேஜை போட்டு ஆரோக்கியசாமி மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் இருந்தவர். இப்போது தேயிலைக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், கம்பெனி ஃபுட்பால் டீமுக்கும் அவர்தான் கோச். மீசையில் பனித்துளி நின்றது.

"லெட்டர்?" என்றார், நிமிராமலே.

"இல்லைங்க ஐயா."

"லெட்டர் வந்தவங்களுக்குத்தான் செலக்‌ஷன். எதுக்கு வந்தே?"

"விளையாட வந்தேன் ஐயா."

அப்போதுதான் நிமிர்ந்தார். முதலில் குடையைப் பார்த்தார், பிறகு என் வெறும் காலைப் பார்த்தார். "எந்த ஊரு?"

"சிலோனுங்க. இப்ப கோத்தகிரி ரோட்டுல தோட்டத்துல இருக்கோம்."

"சரி சிலோன், அந்த ஓரமா நில்லு. பந்து கீழ போனா எடுத்துப் போடு."

போ என்று அவர் சொல்லவில்லை. நில்லு என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குடையை மடக்கி ஒரு கல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ராஜாவின் காவலாளியைப் போல மைதானத்தின் விளிம்பில் போய் நின்றேன்.

எப்படி வந்தேன் என்பது

போன வாரம் இந்தத் தொடரைத் தலைமன்னார் கப்பலோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அருவங்காட்டிலிருந்து ஒரு தாயார், "அழவைத்துவிட்டீர்கள்" என்று கடிதம் எழுதியிருக்கிறார். அம்மா, இந்த வாரம் அழவேண்டாம். இது நான் சந்தோஷத்தில் கிறுக்குப் பிடித்து அலைந்த ஐந்து நாள் கதை.

வருடத்தைக் கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்தொரு வயது. அக்கா பாக்கியம், அவள் வீட்டுக்காரர் சிவனாண்டி அத்தான், அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், நான் என்று ஐந்து பேரும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரே காம்பராவில் இருந்தோம். காம்பரா என்றால் ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் சின்னத் தாழ்வாரம். அந்த இஸ்தோப்புதான் என் படுக்கை. சிலோன் குளிரும் குளிர்தான். ஆனால் நீலகிரிக் குளிர் ஆளைத் தேடி வந்து பிடிக்கும்.

அக்காவும் அத்தானும் நிரந்தரத் தொழிலாளிகள். நான் தினக்கூலி. வேலை இருந்தால் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்துச் செடி வெட்டச் சொல்வார்கள். இல்லையென்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்த நிலைமையில்தான் டீக்கடையில் அந்தச் செய்தி காதில் விழுந்தது. குன்னூர்க் கம்பெனி பதினாறு பேரைப் பொறுக்கி டீம் கட்டப்போகிறது. பொறுக்கப்படுகிறவனுக்கு ஃபாக்டரியில் நிரந்தர வேலை, கம்பெனி குவார்ட்டர்ஸில் படுக்க இடம். சனி, ஞாயிறு இரண்டு நாள் செலக்‌ஷன்.

நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை. பறந்து வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் கணக்குப் போட்டுப் பேசுகிற மனிதர். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "இருவத்திரண்டு பேருக்கு லெட்டர் போட்டிருக்கானாம். எடுக்கப்போறது பதினாறு. ஆறு பேரு லெட்டரோட திரும்பி வருவான். லெட்டரே இல்லாம போறவன் எதோட திரும்பி வருவான்?"

"குடையோட திரும்பி வருவான்" என்றாள் அக்கா. ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "மழை வரும். நனையாம வா."

சனிக்கிழமை தோட்டத்தில் வேலை நாள். தினக்கூலிக்காரன் சொல்லாமல் நின்றால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். அதனால் காலைப் பெரட்டில் அக்கா சூப்பர்வைசர் துரைசாமியிடம், தம்பிக்குக் கடும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றும் நேரில் கேட்கவில்லை, குன்னூர் பஸ்ஸில் இருந்தேன்.

பள்ளத்து ஆட்டம்

நான் பந்தாடக் கற்றுக்கொண்ட இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

சிலோனில் எங்கள் தோட்டத்தில் மைதானம் என்று ஒன்று இருந்தது. மலையை வெட்டிச் சமன் செய்த துண்டு நிலம். மூன்று பக்கமும் தேயிலை. வலது பக்கம் கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை, பள்ளம். அந்தப் பக்கம் விளையாட ஒருவனும் வரமாட்டான். சின்னவன் நான், என்னை அந்த ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

ஆறேழு வருடம் அந்த ஓரத்திலேயே ஓடினேன். முழு வேகத்தில் ஓடி, கோடு வந்ததும் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். நிற்காதவன் கீழே ஓடையில் கிடப்பான். நானும் இரண்டு முறை கிடந்திருக்கிறேன். மூன்றாவது முறையிலிருந்து நிற்கப் பழகிவிட்டது.

ஓடுகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அப்படி நிற்கிறவர்கள் குறைவு. இது எனக்கே அன்றைக்குத் தெரியாது.

பந்து பொறுக்கியவன்

குன்னூர் மைதானத்துக்கும் ஒரு பக்கம் சரிவு உண்டு. நல்ல உதை விழுந்தால் பந்து தேயிலைக்குள் உருண்டு போய்விடும். போய் எடுத்துவர நான் இருந்தேனே.

லெட்டரோடு வந்த இருபத்திரண்டு பேரையும் இரண்டு பக்கமாகப் பிரித்து ஆடவிட்டார் மாஸ்டர். முதல் பந்து போனது. குதித்து இறங்கி, எடுத்து, ஏறி வந்து போட்டேன். இரண்டாவது போனது. மூன்றாவது பந்துக்கு, யார் எறிய வேண்டும் என்று இரண்டு பேர் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை முடியுமுன் பந்து அவர்கள் காலடியில் கிடந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார்.

நான்காவது பந்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது எதிரே ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சூப்பர்வைசர் துரைசாமி.

என் கையிலிருந்து பந்து நழுவி மறுபடியும் கீழே போயிற்று.

"ஏனுங்க லெட்சுமணா, காய்ச்சல் எப்படிங்க இருக்குது?" என்றார். அவர் எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், திட்டும்போதும் அப்படித்தான்.

"கொஞ்சம் பரவாயில்லைங்க ஐயா."

"அப்படித்தானுங்க இருக்கும். எனக்கும் விடிஞ்சதுல இருந்து காய்ச்சல். ஆபீஸ்ல சொல்லிப்போட்டு வந்துட்டேன்." மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பந்து கீழ போயிருச்சு பாருங்க. எடுத்துட்டு வாங்க."

அவருக்கு ஃபுட்பால் என்றால் உயிர் என்பது தோட்டம் முழுவதும் தெரிந்த விஷயமாம். எனக்குத்தான் தெரியவில்லை.

மேகம் இறங்கிய பாதி

இடைவேளைக்குப் பிறகு ஒரு பக்கத்து ரைட் அவுட்டுக்கு, வலது ஓரத்தில் ஓடி ஆடுகிறவனுக்கு, கணுக்கால் பிசகிவிட்டது. லெட்டரோடு வந்தவன், நல்ல ஆட்டக்காரன், பாவம். அவனைத் தூக்கி ஓரத்தில் உட்காரவைத்தார்கள். மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார்.

"சிலோன், உள்ள வா. பூட்ஸ் போட்டுத்தான் இறங்கணும்."

நான் அடிபட்டவனிடம் போய், "உங்க சப்பாத்தைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. வலியில் இருப்பவனிடம் சப்பாத்தியா கேட்கிறான் என்பது போல முறைத்தான். நான் அவன் காலைக் காட்டினேன். சிலோனில் பூட்ஸுக்குச் சப்பாத்து என்றுதான் பெயர் என்பதை விளக்க நேரமில்லை.

பூட்ஸ் என் காலைவிடப் பெரிது. பக்கத்தில் ஒருவன் தன் பையிலிருந்து கோணிச் சாக்குத் துண்டைக் கிழித்துக் கொடுத்தான். "முன்னால திணிச்சுக்கோங்க, நிக்கும்" என்றான். இத்தலாரிலிருந்து வந்த படகர் வீட்டுப் பையன் அவன், பெயர் நஞ்சன், என் வயதுதான். வீட்டில் முட்டைக்கோஸ் விவசாயம். அந்தச் சாக்கில் கோஸ் வாசனை அடித்தது.

சாக்கைத் திணித்து முடித்தபிறகுதான் தெரிந்தது, நஞ்சன் எதிர்ப்பக்கத்து லெஃப்ட் பேக். ரைட் அவுட்டைத் தடுப்பதுதான் அவன் வேலை. தடுக்கப் போகிறவனே என் பூட்ஸைச் சரிசெய்து கொடுத்திருக்கிறான். அவனுக்கும் அந்த இடம் நிச்சயமில்லை. லெட்டரோடு வந்த இன்னொரு லெஃப்ட் பேக் எங்கள் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தான்.

நான் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கிவிட்டது. நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்த மைதானம் இல்லாமல் போயிற்று. விசில் சத்தம் எங்கிருந்தோ கேட்டது. பந்து படும் சத்தம் கேட்டது, பந்தைக் காணோம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை. வெள்ளைக்குள் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

"யாருங்க சிரிக்கிறது?" என்று ஒரு குரல் கேட்டது.

"நான்தான், ரைட் அவுட்."

"நான் இங்கதானுங்க இருக்கேன்" என்றான் நஞ்சன், மரியாதையாக.

அப்போது பந்து என் காலில் வந்து முட்டியது. யார் அனுப்பியது என்று இன்றுவரை தெரியாது. ஓடினேன். பக்கத்தில் நஞ்சனின் மூச்சுச் சத்தம் கூடவே வந்தது. முழு வேகத்தில் ஓடி, கால் பழகிய பழக்கத்தில், ஆணி அடித்த மாதிரி நின்றேன். நஞ்சன் நிற்க முடியாமல் ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். எதிரே இரண்டு கம்பங்கள் மங்கலாகத் தெரிந்தன. உதைத்தேன்.

கம்பங்களுக்குப் பின்னால் வலை கட்டியிருக்கவில்லை. பந்து நேராகத் தேயிலைக்குள் போய்விட்டது.

மாஸ்டர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். "என்ன ஆச்சு?"

"வெளிய போயிருச்சு மாஸ்டர்" என்றான் கோல்கீப்பர். அவனுக்கும் வேலை வேண்டுமே.

மைதானத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை. லெட்டர் இல்லாத நான் என்ன சொன்னாலும் எடுபடாது. சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

நஞ்சன் முழங்காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். "உள்ளதானுங்க போச்சு மாஸ்டர்" என்றான். "என்னைய ஏமாத்திட்டுத்தான் அடிச்சாரு. நான் கீழ கிடந்தேன், கம்பத்துக்கு நடுவுல போனதப் பாத்தேன்."

மாஸ்டர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "உன்னை ஏமாத்துனான்னு நீயே சொல்றே?"

"ஆமாங்க."

பிறகு ஒருநாள் அவனிடம் கேட்டேன், ஏன் சொன்னாய் என்று. "போச்சே" என்றான்.

"நான் பாக்கல" என்றார் மாஸ்டர். "நான் பாக்காததை நான் எடுத்துக்க முடியாது. நாளைக்கு மேகம் இல்லாதப்ப ரெண்டு பேரும் வாங்க. அதையே திரும்பச் செஞ்சு காட்டுங்க."

பத்து ஓட்டம்

ஞாயிறு காலை மாஸ்டர் பூசை முடித்து நேராக வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் ஜெபப் புத்தகம். வெயில் பளிச்சென்று அடித்தது. துரைசாமி ஐயா முதல் பஸ்ஸிலேயே வந்து மேட்டில் இடம் பிடித்திருந்தார். இன்றைக்கு விடுமுறை, காய்ச்சல் தேவைப்படவில்லை.

"பத்துத் தடவை ஓடு" என்றார் மாஸ்டர் என்னிடம். நஞ்சனிடம், "பத்துத் தடவையும் நிறுத்து. விட்டுக்கொடுத்தேன்னு தெரிஞ்சா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

நஞ்சன் விட்டுக்கொடுக்கிற ஆளா? முதல் ஓட்டத்திலேயே என் முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போட்டான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டாவதும் பறித்துவிட்டான். மூன்றாவதில் நான் நின்றேன், அவனும் நின்றான். ஒரு நாளில் கற்றுக்கொண்டுவிட்டானே என்று எனக்கு வியர்த்தது.

நான்காவதில் நிற்பது போல நின்று, நிற்காமல் ஓடினேன். தாண்டிவிட்டேன்.

"ஒண்ணு" என்றார் மேட்டிலிருந்து துரைசாமி ஐயா.

ஐந்தாவது, ஆறாவது அவனுக்கு. ஏழாவது எனக்கு. எட்டாவது எனக்கு. ஒன்பதாவதில் இரண்டு பேரும் மோதிக்கொண்டு விழுந்தோம், பந்து தனியாகச் சரிவில் இறங்கிப் போனது. விழுந்த இடத்திலேயே நஞ்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். மாஸ்டர் விசிலை ஊதி எழுப்பினார். பத்தாவதில் தாண்டினேன். எப்படி என்று கேட்காதீர்கள், நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

"பத்துல நாலு" என்றார் மாஸ்டர்.

"நாலுதாங்க ஐயா" என்றேன்.

"போன வருஷம் அருவங்காட்டுக்காரங்களோட ஆடுனப்ப நம்ம ரைட் அவுட் ஒரு தடவைகூடத் தாண்டல." ஜெபப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். "புதன்கிழமை மதியம் ஃபாக்டரி கேட்ல லிஸ்ட் ஒட்டுவேன். வந்து பாரு."

பதினைந்தாவது வரி

புதன்கிழமை காலையில் துரைசாமி ஐயா என்னைக் கூப்பிட்டார். "கவ்வாத்துக் கத்தி தீட்ட அரம் வேணுமுங்க. குன்னூருக்குப் போய் வாங்கியாரோணும்." அரம் ஸ்டோரிலேயே இருந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கேட்டில் கூட்டம். லிஸ்ட் இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டப் படித்த இங்கிலீஷ் என்னுடையது. என் பெயருக்கு 'எல்' என்பது தெரியும். மேலிருந்து கீழே 'எல்' தேடினேன். இல்லை. கீழிருந்து மேலே தேடினேன். அப்போதும் இல்லை. நஞ்சன் பெயர் மூன்றாவது வரியில் இருந்தது, அது தெரிந்தது.

அவனுக்குக் கிடைத்ததில் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் கால் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது. அத்தானுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ரயில் ஸ்டேஷன் வரை வந்துவிட்டேன்.

பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. நஞ்சன் ஓடி வந்தான். "எங்கீங்க போறீங்க?"

"வீட்டுக்கு. என் பேர் இல்லையே."

"பதினஞ்சாவது வரியப் படிச்சீங்களா?"

"அதுல ஊரு பேருதான் போட்டிருக்கு."

"அது ஊரு பேரு இல்லீங்க" என்றான் நஞ்சன். "அது நீங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பதினைந்தாவது வரியில் சி, ஈ, ஒய், எல், ஓ, என் என்று இருந்தது. கப்பலிலும் கச்சேரி என்று நாங்கள் சொல்லும் சர்க்கார் ஆபீஸிலும் எத்தனையோ காகிதத்தில் பார்த்த வார்த்தை என்பதால் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது.

மாஸ்டர் கேட்டுக்குள்ளிருந்து வந்தார். "ரெண்டு நாளா விளையாடுனே, பேரை யாரும் எங்கிட்டச் சொல்லலையேப்பா. லெட்டர் இருந்தா அதுல பேர் இருக்கும். உனக்குத்தான் லெட்டரே இல்லையே."

"லெட்சுமணன் ஐயா."

பையிலிருந்து பேனாவை எடுத்தார். டைப் அடித்த வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே என் பெயரை எழுதினார். அடித்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறந்த ஊரை ஒரு கோட்டில் அடித்து என் பெயரை எழுதுகிறார்களே என்று ஒரு கணம் என்னவோ செய்தது. ஒரு கணம்தான். அடுத்த கணம் நஞ்சனைத் தூக்கிச் சுற்றினேன். அவன் என்னைவிடக் கனம்.

முதல் ஐந்து மேட்ச் நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்தேன் என்பதையும், பிறகு பதினொரு வருடம் அந்த டீமின் வலது ஓரத்தில் ஓடினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று சாயங்காலம் நடந்ததை முடிக்க வேண்டும்.

பஸ்ஸோடு

கோத்தகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். நிற்கவும் முடியவில்லை. எங்கள் தோட்டத்துக்கு மூன்று மைல் இருக்கும்போது, ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

பஸ் ரோட்டில் வளைந்து வளைந்து ஏறியது. நான் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் நேராக ஏறினேன். முதல் வளைவில் நான் ரோட்டைத் தொட்டபோது பஸ் எதிரே வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஏறுங்க."

"வேண்டாங்க."

மறுபடியும் குறுக்கே ஏறினேன். அடுத்த வளைவிலும் அதே பஸ். இப்போது ஜன்னல் வழியாக ஏழெட்டுத் தலைகள். "ஏனுங்க, எதுக்குங்க ஓடறீங்க?"

"வேலை கிடைச்சிருச்சுங்க."

மூன்றாவது வளைவில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். ஒரு பாட்டியம்மா ஜன்னலிலிருந்து ஆரஞ்சுப் பழம் ஒன்றை எறிந்தார். பிடித்துக்கொண்டே ஓடினேன்.

கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குச் சற்று முன் எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தேன். பெண்கள் வரிசையாகச் செடிக்குள் நின்றார்கள். நான் ஓடிவருவதை அக்காதான் முதலில் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. சிலோனில் ஆள் ஓடிவந்தால் நல்ல சேதி இருந்ததில்லை.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மூச்சு வாங்கியதில் பேச வரவில்லை. விரலை மட்டும் காட்டினேன், பதினைந்து என்று சொல்வதற்காக, மூன்று முறை ஐந்து விரலை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பதினஞ்சாவது பேரு" என்றேன். "என் பேரு. எடுத்துட்டாங்க அக்கா."

பக்கத்துப் பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றினாள். கூடையை இறக்கி வைத்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டாள்.

"அத்தான் மேல் மலையில இருக்காரு" என்றாள். "நான்தான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு ஓடினாள். இரண்டு பிள்ளை பெற்றவள், காலையிலிருந்து நின்று கொழுந்து எடுத்தவள், செடிக்கும் செடிக்கும் நடுவில் வளைந்து வளைந்து, சிரித்துக்கொண்டே ஓடினாள். கம்பெனியின் புது ரைட் அவுட் பின்னாலேயே ஓடினேன். என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை.